மேற்கே வாக்குச்சாவடி திறந்திருக்கும்போதே கிழக்கே வெற்றி அறிவிப்பு: இது தகுமா?

பொன்னி (சான் ஹோசே)

2016 ஜூன் 7. கலிஃபோர்னியாவில் அதிபர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தல். அப்போது எனக்குக் குடியுரிமை வரவில்லை, பச்சை அட்டைதான். ஆனாலும் இந்த மாநிலத்தில் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களையும் வாக்குச்சாவடிப் பணிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடத்துக்கு விடியும் முன்பே போய், மேசை போட்டு, பெயர்ப்பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதியம் ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் அஞ்சல் வாக்கு உறை. உறை ஒட்டப்படவில்லை. பின்பக்கம் கையெழுத்துப் போடும் கட்டம் வெறுமையாக இருந்தது. "நேற்று இரவே முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்களே, இதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்டார். வேட்பாளர்களைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. "இரவு எட்டு மணி வரை திறந்திருப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவர் உறையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முந்தைய நாள் மாலை நடந்தது இதுதான். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ஜனநாயகக் கட்சியின் சிறப்புப் பிரதிநிதிகளை (விரும்பியவரை ஆதரிக்கக்கூடிய கட்சிப் பெரியவர்களை) ஒவ்வொருவராகக் கேட்டுக் கணக்கெடுத்து, வேட்பாளராவதற்குத் தேவையான 2,383 பிரதிநிதிகளின் ஆதரவு ஹிலரி கிளிண்டனுக்குக் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. விடிந்தால் கலிஃபோர்னியா உட்பட ஆறு மாநிலங்களில் வாக்குப்பதிவு. அவரோடு போட்டியிட்ட சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். கிளிண்டன் தரப்புக்கும் அது மகிழ்ச்சியான செய்தியாக இல்லை, தம் ஆட்களே வீட்டில் இருந்துவிடுவார்களோ என்ற கவலை அவர்களுக்கு.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த உறைக்குள் இருந்த தாளில் அதிபர் வேட்பாளர் பெயர் மட்டுமா இருந்தது? சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஈரநிலங்களை மீட்க, ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 12 டாலர் வரி விதிக்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. ஒன்பது மாவட்டங்களுக்கும் பொதுவான கேள்வி அது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் நிறைவேறும். நல்லவேளையாக நிறைவேறியது. ஆனால் அந்தப் பெண்ணின் பதில் அதில் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

வாக்களிக்க உரிமை இல்லாத நான் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உரிமை உள்ளவர் திரும்பிப் போகிறார். இத்தனை ஆண்டு ஆகியும் அது மனத்தை விட்டு நீங்கவில்லை. தேர்தல் இரவில் தொலைக்காட்சிகள் செய்யும் வெற்றிக் கணிப்புகள் உண்மையில் எவ்வளவு கெடுதல் செய்கின்றன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கன் (நியூ ஜெர்சி)

அம்மா, அதே நாளில் எங்கள் மாநிலத்திலும் வாக்குப்பதிவு. நான் போய் வாக்களித்துவிட்டு வந்தேன். ஆகவே உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் என்பதால் கணிப்பின் பக்கமும் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது.

2016இல் நடந்தது தேர்தல் இரவுக் கணிப்பு ஆகாது, பிரதிநிதிகளைக் கேட்டு எண்ணிய கணக்கு. தேர்தல் இரவுக் கணிப்பு வேறு வகை. அதன் தொடக்கம் 1952. சி.பி.எஸ். தொலைக்காட்சி யூனிவாக் கணினியைக் கொண்டுவந்தது. மிகக் குறைந்த வாக்குகள் எண்ணப்பட்ட நிலையிலேயே ஐசன்ஹோவருக்கு 438, ஸ்டீவன்சனுக்கு 93 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைக்கும், அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) என்று அது சொன்னது. கடும் போட்டி என்றே எல்லோரும் நினைத்திருந்ததால், அந்த எண்ணை ஒளிபரப்பத் தயங்கினார்கள். கடைசியில் வந்த முடிவு 442க்கு 89.

இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்றால், வாக்களித்து வெளியே வருபவர்களிடம் கேட்ட விடைகள், முன்கூட்டியே வாக்களித்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு, மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சில வாக்குச்சாவடிகளின் உண்மையான எண்ணிக்கை, பழைய தேர்தல்களின் போக்கு, இத்தனையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாக்காளர்களிடம் கேட்ட விடைகளை ஆராய்பவர்களைத் தேர்தல் நாளன்று கைப்பேசி கூட இல்லாமல் ஓர் அறைக்குள் அடைத்துவைத்து, கிழக்கு நேரம் மாலை ஐந்துக்குப் பிறகுதான் வெளியே தகவல் தருகிறார்கள். இது ஆரூடம் கிடையாது. பின்தங்கியவர் இனி முந்த வழியே இல்லை என்று கணக்கு காட்டினால் மட்டுமே அறிவிப்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு மாநிலமும் அதிகாரபூர்வமாகச் சான்று தர வாரக்கணக்காகும். அதுவரை நாடு எதை நம்பிக் காத்திருக்கும்? அந்த இடத்தைத்தான் செய்தி நிறுவனங்கள் நிரப்புகின்றன.

இளவேனில் (ஃபீனிக்ஸ்)

கணக்கன் ஐயா, ஒரு சந்தேகம். முடிவு தெரிந்துவிட்டால் தோற்பவரின் ஆதரவாளர் சோர்ந்துபோய் வீட்டில் இருப்பார். வெல்பவரின் ஆதரவாளரும் "நம் ஆள் வென்றுவிட்டாரே, இனி எதற்கு" என்று வீட்டில்தான் இருப்பார். இரண்டும் ஈடாகிவிடாதா?

பொன்னி (சான் ஹோசே)

அதிபர் பதவிக்கு ஈடாகலாம் தம்பி. தாளின் அடியில் இருக்கும் பெயர்களுக்கு?

1980 நவம்பர் 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என்.பி.சி. தொலைக்காட்சி ரேகன் வென்றார் என்று அறிவித்தது கிழக்கு நேரம் இரவு 8.15க்கு. இங்கே கலிஃபோர்னியாவில் அப்போது மாலை 5.15, அலுவலகம் விடும் நேரம். எட்டு மணிக்குத்தான் சாவடி மூடுவார்கள். அதன் பிறகு கார்ட்டரே தொலைக்காட்சியில் தோன்றித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அது இங்கே மாலை 6.50. வேலை முடிந்து வரிசையில் நின்றவர்கள் கேட்டது தங்கள் அதிபரே விடைபெற்ற செய்தியை.

அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஜேம்ஸ் கார்மன் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தம் இடத்தை இழந்தார். வித்தியாசம் 752 வாக்குகள். ஓரிகானில் ஆல் உல்மன் தோற்றார். நாட்டின் வரிச் சட்டங்கள் அனைத்தும் புறப்படும் குழுவின் தலைவர் அவர். இவர்களுக்கு வாக்களிக்க இருந்தவர்களில் எத்தனை பேர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்கள்?

கார்மன் தோற்றதற்கு வேறு காரணமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளை இனக் கலப்புக்காகப் பஸ்ஸில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும் திட்டம் அங்கே பெரிய சண்டையாக இருந்தது. அவரை வென்ற பாபி ஃபீட்லர் அந்த எதிர்ப்பில் எழுந்து வந்தவர். ஆனாலும் 752 என்பது ஒரு பெரிய திருமண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் கூட்டம். வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இனி விடை கிடைக்கப்போவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கன் (நியூ ஜெர்சி)

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு காங்கிரஸில் விசாரணைகள் நடந்தன. ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும் முன் அந்த மாநிலத்தின் வெற்றியை வாக்காளர்களிடம் கேட்ட விடைகளை வைத்து அறிவிப்பதில்லை என்று 1985இல் தொலைக்காட்சி நிறுவனங்கள் உறுதி அளித்தன. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சாவடிகளை மூட வேண்டும் என்ற மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. வாஷிங்டன் மாநிலம் 1983இல் இன்னொரு வழியில் போனது. சாவடியிலிருந்து 300 அடிக்குள் நின்று வாக்காளர்களிடம் கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1988இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அந்த உறுதிமொழியில் ஓர் ஓட்டை இருந்தது. மாநிலத்தின் "பெரும்பாலான" சாவடிகள் மூடியதும் அறிவிக்கலாம் என்று நிறுவனங்கள் நடைமுறையை வைத்துக்கொண்டன. 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடா அந்த ஓட்டை வழியாகத்தான் விழுந்தது. அந்த மாநிலத்தின் பெரும்பகுதி கிழக்கு நேரத்தில் இருக்கிறது. மேற்கே நீண்டிருக்கும் பகுதி ஒரு மணி நேரம் பின்தங்கியது. பெரும்பகுதியில் ஏழு மணிக்கு மூடிவிட்டார்கள். 7.50 அளவில் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் அல் கோர் ஃபுளோரிடாவை வென்றார் என்று அறிவிப்பு வந்துவிட்டது. மேற்குப் பகுதியில் இன்னும் பத்து நிமிடம் வாக்குப்பதிவு இருந்தது.

அந்தப் பகுதி குடியரசுக் கட்சியின் கோட்டை. இதனால் அக்கட்சியின் வேட்பாளர் புஷ் சுமார் 10,000 வாக்குகளை இழந்தார் என்று ஜான் லாட் என்ற பொருளியலாளர் கணித்தார். அந்த எண் இன்றும் உலவுகிறது. பெர்க்லியின் அரசியல் அறிஞர் ஹென்றி பிரேடி அதைப் பிரித்துப் போட்டார். அவர் போட்ட கணக்கை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன், இங்கும் எழுதுகிறேன்.

அந்தப் பகுதியில் வாக்களித்தவர்கள் சுமார் 3,79,000. முன்கூட்டியும் அஞ்சலிலும் வாக்களித்தவர்களைக் கழித்தால் 3,03,000. வாக்குப்பதிவு 12 மணி நேரம், அதாவது 72 பத்து நிமிடங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கு வரக்கூடியவர்கள் சுமார் 4,200. அவர்களில் அந்த நேரத்தில் செய்தி காதில் விழுந்தவர்கள் ஐந்தில் ஒருவர் என்று வைத்தால் 840. மூன்றில் இரண்டு பங்கினர் புஷ் ஆதரவாளர்கள், அதாவது 560. அவர்களில் பத்தில் ஒருவர் திரும்பிப் போனதாகக் கொண்டால் 56. அதே போலத் திரும்பிய கோர் ஆதரவாளர்களையும் கழித்தால் நிகர இழப்பு 28 வரை இறங்குகிறது.

பத்தாயிரம் எங்கே, இருபத்தெட்டு எங்கே! கோபத்தில் எழும் எண்ணை வரிசையில் நின்ற மனிதர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பொன்னி (சான் ஹோசே)

கணக்கு புரிகிறது ஐயா. ஆனால் அந்த மாநிலத்தில் கடைசி வித்தியாசம் 537. உங்கள் 56ஐ அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்தில் ஒரு பங்கு. இது பத்து நிமிடத்துக்கு. 1980இல் கலிஃபோர்னியாவுக்கு இரண்டே முக்கால் மணி நேரம்.

நல்லூரான் (டொராண்டோ)

பொன்னி அக்கா, கனடாவில் இதற்குச் சட்டமே இருந்தது. கிழக்குக் கோடி நியூஃபவுண்ட்லாந்துக்கும் மேற்குக் கோடி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நாலரை மணி நேர இடைவெளி. கிழக்கே எண்ணி முடித்த முடிவை, மேற்கே சாவடி மூடாத இடத்துக்கு யாரும் அனுப்பக்கூடாது. தேர்தல் சட்டத்தின் 329ஆவது பிரிவு அது.

2000ஆம் ஆண்டு தேர்தலில் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த பால் பிரையன் என்பவர் அட்லாண்டிக் மாகாண முடிவுகளைத் தம் இணையதளத்தில் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007இல் ஐந்துக்கு நான்கு என்ற நீதிபதிகள் கணக்கில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எல்லா வாக்காளரும் ஒரே அளவு தகவலோடு வாக்களிக்கவேண்டும் என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். எனக்கு அது மிகவும் பிடித்த வாதம்.

ஆனால் எல்லோர் கையிலும் கைப்பேசி வந்த பிறகு யாரைப் பிடிப்பது? தடையை நீக்கிவிட்டார்கள். 2015 தேர்தல் அது இல்லாமல் நடந்தது. எஞ்சியிருப்பது நேர மாற்றம். எங்கள் ஒன்டாரியோவில் காலை 9.30 முதல் இரவு 9.30 வரை, பசிபிக் பக்கத்தில் காலை 7 முதல் மாலை 7 வரை. அவர்கள் ஏழு மணிக்கு மூடும்போது இங்கே பத்து மணி. ஆகப் பெரிய மாகாணங்களின் எண்ணிக்கை தொடங்கி அரை மணியில் மேற்கும் மூடிவிடுகிறது. அட்லாண்டிக் பக்கத்தின் சில இடங்கள் மட்டுமே முன்னதாகத் தெரியும். யார் வாயையும் கட்டாமல், கடிகாரத்தை மட்டும் நகர்த்திப் பெருமளவு தீர்த்துவிட்டார்கள்.

அமெரிக்கா ஏன் இதைச் செய்யவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

கணக்கன் (நியூ ஜெர்சி)

சாவடி நேரத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது தம்பி. சில மாநிலங்களில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே வேறுபடுகிறது. ஹவாய் எங்களுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். எல்லோரையும் ஒரே நேரத்தில் மூடச் சொன்னால் நாங்கள் நள்ளிரவு வரை திறந்திருக்கவேண்டும், அல்லது அவர்கள் பட்டப்பகலில் மூடவேண்டும்.

மேலமாசி (மதுரை)

பொன்னி அம்மா, முழு இழையையும் படித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன். கடைசி வாக்காளர் போனதும் எந்திரத்தில் மூடும் பொத்தானை அழுத்துவோம். மொத்தம் எத்தனை வாக்கு என்பதை மட்டும் 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு நகல் கொடுப்போம். யாருக்கு எத்தனை என்பது எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அரக்கு முத்திரை வைத்து, முகவர்கள் கையெழுத்துப் போட்டு, வண்டி வரும்வரை அந்தப் பெட்டியை விட்டு நகர மாட்டோம். சில ஊர்களில் வண்டி வர நள்ளிரவு தாண்டிவிடும்.

2024இல் ஏழு கட்டத் தேர்தல். தமிழ்நாடு முதல் கட்டமாக ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. எண்ணியது ஜூன் 4. நாற்பத்தாறு நாட்கள் பூட்டிய அறையில் கிடந்தன எங்கள் வாக்குகள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009 திருத்தத்தால் சேர்த்த 126ஏ பிரிவுப்படி, முதல் கட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, வாக்களித்தவர்களிடம் கேட்ட கணிப்பை யாரும் வெளியிடக்கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆகவே தமிழ்நாடு யாருக்குப் போட்டது என்று கேட்டுவிட்டு உத்தரப் பிரதேசம் முடிவெடுக்க வழியில்லை.

இந்தியா இதில் நன்றாகவே செய்திருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஜூன் 1 மாலை தடை நீங்கியதும் தொலைக்காட்சிகள் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று வரிசையாகச் சொல்லின. ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் பெட்டிகளைத் திறந்தால் பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. சென்செக்ஸ் ஒரே நாளில் 4,390 புள்ளிகள் விழுந்தது. என் பக்கத்து வீட்டுப் பையன் திங்கட்கிழமை வாங்கி செவ்வாய்க்கிழமை விற்றான். அவன் வாக்கை எந்தக் கணிப்பும் மாற்றவில்லை, சேமிப்பைத்தான் கரைத்தது.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. எந்தக் கட்சி நல்லது என்ற இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கணிப்புகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

இளவேனில் (ஃபீனிக்ஸ்)

என் முதல் கேள்வியை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மேலமாசி ஐயா சொன்னது எனக்கு 2020ஐ நினைவூட்டுகிறது. வாக்குப்பதிவு முடிந்த பிறகு வரும் அறிவிப்பு யார் வாக்கையும் மாற்றாது, ஆனால் தேர்தலையே ஆட்டிவிடும்.

நவம்பர் 3 இரவு, கிழக்கு நேரம் 11.20க்கு ஃபாக்ஸ் நியூஸ் எங்கள் அரிசோனாவை பைடனுக்கு என்று அறிவித்தது. அசோசியேட்டட் பிரஸ் அதிகாலை மூன்று மணி அளவில் அதையே சொன்னது. மற்ற நிறுவனங்கள் நவம்பர் 12 வரை காத்திருந்தன. எண்ண எண்ண இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து 10,457இல் நின்றது. முடிவு சரிதான். ஆனால் அந்த ஒன்பது நாட்களும் இந்த ஊரில் மூச்சுவிட முடியவில்லை. வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே இரவில் ஆட்கள் திரண்டார்கள், சிலரிடம் துப்பாக்கி. என் கல்லூரித் தோழியின் அம்மா உள்ளே அஞ்சல் உறைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வாகன நிறுத்தத்துக்குப் போக, காவலர் துணையோடுதான் போனார். அழைத்துவர நானும் தோழியும் போயிருந்தோம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

பென்சில்வேனியாவில் இதன் மறுபக்கம். அங்கே அஞ்சல் உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே நேரில் போட்ட வாக்குகள் முதலில் எண்ணப்பட்டன, டிரம்ப் லட்சக்கணக்கில் முன்னிலை. பிறகு அஞ்சல் வாக்குகள் சேரச் சேர நிலை மாறி, பைடன் 80,000க்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். திரையில் இரவெல்லாம் ஒரு நிறத்தைப் பார்த்தவர்களுக்கு, சில நாட்களில் வேறு நிறம் தெரிந்தால் களவு என்றே தோன்றியது. எண்ணும் வரிசைதான் காரணம் என்று எத்தனை முறை சொன்னாலும் என் அறைத்தோழன் ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 ஜனவரி 15, அயோவாவில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வு. அங்கே ஊர்க்கூட்டம் போட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசி, பிறகுதான் வாக்கு. ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அரை மணியில் டிரம்ப் வென்றார் என்று அறிவித்துவிட்டார்கள். பல கூடங்களில் பேச்சே முடியவில்லை, எல்லோர் கையிலும் கைப்பேசி. வித்தியாசம் பெரிது, முடிவும் சரி. ஆனால் தம் வேட்பாளருக்காக ஒருவர் எழுந்து பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் முடிவைப் படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சுக்கு என்ன மரியாதை?

கணக்கன் (நியூ ஜெர்சி)

இளவேனில், அந்த அடையாள அட்டையைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் எழுதிய ஃபுளோரிடா கதை பாதிதான். மீதியைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. 7.50 அறிவிப்பை இரவு பத்து மணி அளவில் திரும்பப் பெற்றார்கள். ஆறு நிறுவனங்களும் ஒரே கூட்டமைப்பிடமிருந்து தரவு வாங்கியதால், ஒருவர் தடுக்கி விழுந்தபோது எல்லோரும் விழுந்தார்கள். அதைவிடப் பெரிய தவறு அதிகாலை 2.16க்கு. ஃபாக்ஸ் நியூஸ் புஷ் வென்றார் என்றது. அங்கே கணிப்பு மேசைக்குத் தலைமை வகித்தவர் புஷ்ஷின் உறவினரான ஜான் எல்லிஸ். நான்கு நிமிடங்களுக்குள் மற்றத் தொலைக்காட்சிகள் எல்லாம் பின்தொடர்ந்தன. அந்த இரவின் எண்களில் வொலூசியா மாவட்டத்தின் பிழை ஒன்றும் கலந்திருந்தது. ஒரு சாவடியின் கணக்கில் கோருக்குக் கழித்தல் 16,022 என்று பதிவாகியிருந்தது. வாக்கு எப்படிக் கழித்தலில் போகும்? பூஜ்யத்துக்குக் கீழே போன ஓர் எண்ணை எந்த மாணவனும் கண்டுபிடித்திருப்பான். ஆனால் முந்திக்கொண்டு சொல்லும் அவசரத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அசோசியேட்டட் பிரஸ் மட்டும் அந்த அறிவிப்பைச் செய்யவில்லை. அதன் எண்களில் இடைவெளி கரைந்துகொண்டிருந்தது. அதற்குள் கோர் தொலைக்காட்சியை நம்பி, புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டார். தோல்வி உரை நிகழ்த்த நாஷ்வில் நினைவுச் சதுக்கத்துக்கு மழையில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் வித்தியாசம் மிகச் சிறிது என்ற தகவல் எட்டியது. மீண்டும் அழைத்து, ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றார். நாலு மணி அளவில் தொலைக்காட்சிகளும் திரும்பப் பெற்றன. சில செய்தித்தாள்கள் "புஷ் வென்றார்" என்று அச்சிட்டே விட்டன.

அடுத்த 36 நாட்கள் எப்படி நடந்தன என்று நினைத்துப் பாருங்கள். உண்மையில் யாரும் வென்றிராத ஒரு மாநிலம். ஆனால் நாட்டின் கண்ணில் ஒருவர் வென்றவர், மற்றவர் தோல்வியை ஏற்க மறுப்பவர். மறுஎண்ணிக்கை கேட்பதே பிடிவாதம் என்று ஆகிவிட்டது. அந்த நான்கு நிமிடங்கள் ஒரு வாக்கையும் மாற்றவில்லை. ஆனால் யார் கேட்கும் இடத்தில் நிற்கிறார், யார் காக்கும் இடத்தில் நிற்கிறார் என்பதை அவைதான் தீர்மானித்தன. வகுப்பில் நான் 28ஐக் கற்பித்தேன், இதைக் கற்பிக்கவில்லை.

பொன்னி அம்மாவின் பக்கம் வலுவான ஓர் ஆய்வும் இருக்கிறது. எனக்குச் சாதகம் இல்லை என்பதற்காக மறைக்க மாட்டேன். பிரான்சின் கடல்கடந்த பகுதிகள் சிலவற்றில் 2005 வரை, தாய்நாட்டின் முடிவு தெரிந்த பிறகும் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. பிறகு சட்டத்தை மாற்றி, அவர்களை ஒரு நாள் முன்னதாக வாக்களிக்க வைத்தார்கள். இரண்டு காலத்தையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், முடிவு முன்பே தெரிந்திருப்பது வாக்குப்பதிவைச் சுமார் 11 சதவீதப் புள்ளிகள் குறைக்கிறது என்று கண்டார்கள். வந்து வாக்களித்தவர்களும் வெல்பவர் பக்கம் சாய்ந்தார்கள். அமெரிக்காவில் 1964 தேர்தலைப் பற்றி வந்த ஆய்வுகள் பெரிய பாதிப்பு இல்லை என்றன. 1980ஐப் பற்றி வந்தவற்றில் சில, பாதிப்பு உண்டு என்றன. முடிவு முழுவதும் தெரிந்துவிட்ட இடத்தில் இழப்பு இவ்வளவு என்று இத்தனை தெளிவாகக் காட்டியது நான் படித்தவற்றில் இந்த ஒன்றுதான்.

நல்லூரான் (டொராண்டோ)

11 புள்ளிகள் என்றால் ஒன்பது பேரில் ஒருவர் ஐயா. இது சின்ன விஷயம் என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

மேலமாசி (மதுரை)

கணக்கன் ஐயா, மறைக்காமல் சொன்னீர்களே, அதற்கு வணக்கம்.

பொன்னி அம்மா, ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். குழந்தையோடு வந்த அந்தப் பெண் பிறகு வந்தாரா?

பொன்னி (சான் ஹோசே)

வரவில்லை ஐயா. ஐந்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவர் கையிலும் உறையைப் பார்க்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அஞ்சலில் போட்டிருக்கலாம். அன்றைய தேதி முத்திரை விழுந்திருந்தால் பிந்தி வந்தாலும் எண்ணுவார்கள். போட்டிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது கலிஃபோர்னியாவில் எல்லா வாக்காளருக்கும் தாள் வீட்டுக்கே வருகிறது. பலர் தேர்தல் நாளுக்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கிழக்கே சொல்லும் செய்தி இங்கே முன்போல் பாயாது. அது ஒரு நிம்மதி. ஆனால் அஞ்சல் வாக்கு பெருகினால் எண்ண நாளாகும், நாளானால் இளவேனில் சொன்ன சந்தேகம் வளரும். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உடைகிறது. சாவடி மூடிய உடனே அறிவிக்காமல், மாநிலங்கள் பாதியாவது எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது என் எண்ணம். சட்டத்தால் முடியாது, தெரியும். 1985இல் உறுதிமொழி வாங்க முடிந்தது அல்லவா?

அன்று இரவு சரியாக எட்டு மணிக்கு எங்கள் சாவடித் தலைவி எழுந்து கூடத்தின் வாசலுக்குப் போனார். எழுபது வயதைத் தாண்டியவர். வாசலில் யாரும் இல்லை, நிறுத்தத்தில் எங்கள் வண்டிகள் மட்டும். ஆனாலும் விதிப்படி, தெருவைப் பார்த்து உரத்த குரலில், "வாக்குப்பதிவு முடிந்தது" என்று அறிவித்தார். பிறகு உள்ளே வந்து, பெட்டியின் முத்திரை எண்ணை இரண்டு முறை வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.